செல் அழுத்தமும் த்ரோம்பின் வரைகோடும்: ஓர் ஆய்வகக் கிட் பற்றிய மதிப்பீடு

இரத்தம் உறைவதை அளக்க ஆய்வகத்தில் முதலில் கைபோவது கடிகாரத்தின் மேல்தான். பிளாஸ்மாவில் தூண்டியைச் சேர்க்கிறோம், எத்தனை நொடியில் கட்டி தட்டுகிறது என்று குறித்துக்கொள்கிறோம். மருத்துவமனைக்கு அது போதும். ஆனால் ஃபைப்ரின் என்ற புரதம் கட்டியாகும் அந்தக் கணத்தில் உருவாகியிருக்கும் த்ரோம்பின், அதாவது உறைதலை நடத்தும் நொதி, மொத்தத்தில் சுமார் 5 சதவீதம்தான். மீதி 95 சதவீதமும் கடிகாரத்தை நிறுத்திய பிறகே பெருக்கெடுக்கிறது. அழுத்தத்துக்கு உள்ளான செல் உறைதலை எப்படி முடுக்குகிறது என்று தேடுகிறவருக்கு வேண்டிய விஷயம் பெரும்பாலும் அந்தப் பின்பகுதியில்தான் இருக்கிறது.

அந்த முழுப் பெருக்கையும் நிமிடம் நிமிடமாக வரைந்து காட்டுவதுதான் ஒளிர்வு முறை த்ரோம்பின் உற்பத்தி கிட். 1953-லேயே மேக்ஃபார்லேனும் பிக்ஸும் இந்தச் சோதனையைக் கையால் செய்தார்கள். நிமிடத்துக்கு ஒருமுறை மாதிரி எடுத்து வேறு குழாயில் விட்டு அளக்க வேண்டியிருந்தது. நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்டில் ஹெம்கர் குழு 2003-இல் வெளியிட்ட கேட் எனப்படும் அளவுதிருத்தத் தானியங்கி முறைதான் இதை 96 குழிகள் கொண்ட பிளேட்டுக்குக் கொண்டுவந்தது. இந்த மதிப்பீடு அந்த முறையில் இயங்கும் கிட்களைப் பற்றியது. அதுவும் ஒரே ஒரு பயனுக்காக: ஈஆர் அழுத்தத்துக்கு ஆளான செல்களின் உறைதல் தூண்டும் திறனை அளப்பதற்கு. ஈஆர் என்பது எண்டோபிளாஸ்மிக் ரெட்டிகுலம், செல்லுக்குள் புரதங்கள் மடிக்கப்படும் பட்டறை. சரியாக மடியாத புரதங்கள் அங்கே குவிந்து செல் திணறுவதுதான் ஈஆர் அழுத்தம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். த்ரோம்பினை அளக்கும் கருவியாக இது மிக நல்ல கிட். ஆனால் இது பிளாஸ்மாவுக்காக வடிவமைக்கப்பட்டது, செல்லுக்காக அல்ல. செல்லை உள்ளே கொண்டுவந்த அடுத்த நிமிடத்திலிருந்து கையேடு உதவாது. தேவையான கன்ட்ரோல்கள், அதாவது ஒப்பீட்டுச் சோதனைகள், பெட்டியில் வருவதில்லை. அவற்றைத் தனியாகச் சேர்த்துக்கொள்ளாமல் வரையும் வரைகோடு எவ்வளவு அழகாக இருந்தாலும் எதையும் நிரூபிக்காது.

பெட்டியைத் திறந்தால் நான்கு வகைப் பொருட்கள் இருக்கும். உறைதலைத் தொடங்கிவைக்கும் தூண்டி ரீஏஜென்ட், த்ரோம்பின் கேலிபிரேட்டர், கால்சியம் உள்ள பஃபர், டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைத்த ஒளிர்வு அடிமூலம். அடிமூலம் என்பது இசட்-கிளைசின்-கிளைசின்-ஆர்ஜினின்-ஏஎம்சி. த்ரோம்பின் இதன் ஆர்ஜினின் ஓரத்தில் வெட்டும்போது ஏஎம்சி விடுபட்டு ஒளிரும். 390 நானோமீட்டரில் தூண்டி 460-இல் படிக்க வேண்டும். ஒரு குழியில் 80 மைக்ரோலிட்டர் பிளாஸ்மா, 20 மைக்ரோலிட்டர் தூண்டி, கடைசியாக ரீடரின் டிஸ்பென்சர் தானே விடும் 20 மைக்ரோலிட்டர் கால்சியம்-அடிமூலக் கலவை, ஆக 120. கலவையில் கால்சியம் குளோரைடு 100 மில்லிமோலார், அடிமூலம் 2.5 மில்லிமோலார். குழிக்குள் ஆறில் ஒரு பங்காகி முறையே 16.7 மில்லிமோலார், 417 மைக்ரோமோலார். பிளேட் வட்ட அடியுள்ளதாக இருக்க வேண்டும். 37 டிகிரியில் 60 நிமிடம், சுமார் 20 நொடிக்கு ஒருமுறை வாசிப்பு.

கேலிபிரேட்டர்தான் இந்தக் கிட்டின் மூளை. ஒளிர்வு கூடக் கூட ஏஎம்சி தன் ஒளியைத் தானே விழுங்கத் தொடங்கும். அடிமூலமும் தீர்ந்துகொண்டே வரும். பிளாஸ்மாவின் நிறம் ஆளுக்கு ஆள் வேறு. இந்த மூன்றும் சேர்ந்தால், ஒளிர்வு இரட்டிப்பானால் த்ரோம்பின் இரட்டிப்பு என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஆகவே ஒவ்வொரு பிளாஸ்மாவுக்கும் இன்னொரு குழியில், தூண்டிக்குப் பதிலாக, ஆல்ஃபா-2 மேக்ரோகுளோபுலினுடன் பிணைந்த த்ரோம்பின் 20 மைக்ரோலிட்டர் விடப்படுகிறது. அது அடிமூலத்தை மட்டும் ஒரே சீராக வெட்டும். ஃபைப்ரினாக மாறும் ஃபைப்ரினோஜனைத் தொடாது, த்ரோம்பினை அடக்கும் ஆன்டித்ரோம்பினுக்கும் அகப்படாது. அந்தக் குழியின் கோடு வளைகிற அளவுக்கு மென்பொருள் மற்ற குழிகளைத் திருத்துகிறது. கேலிபிரேட்டரின் செயல் அளவு லாட்டுக்கு லாட் (தயாரிப்புத் தொகுதிக்குத் தொகுதி) மாறும். குப்பியில் அச்சிட்ட எண்ணை மென்பொருளில் மாற்ற மறந்தால் அந்த பிளேட்டின் எல்லா எண்களும் ஒரே விகிதத்தில் பிழையாகும். வரைகோட்டின் வடிவம் சரியாகவே இருப்பதால் பார்த்தால் தெரியாது. லாட் எண்ணையும் செயல் அளவையும் பிளேட் படத்தோடு சேர்த்துக் குறித்துவைப்பது இதற்கு ஒரே காப்பு.

கேலிபிரேட்டர் குழியின் கோடு மெல்ல மெல்லச் சாய்ந்து படிய வேண்டும். நடுவில் மேல்நோக்கி வளைந்தால், அந்தக் குழியிலும் உண்மையான த்ரோம்பின் உருவாகிவிட்டது என்று பொருள். பிளாஸ்மா எங்கோ ஏற்கெனவே கிளர்ந்திருக்கிறது. அந்த பிளேட்டை அப்படியே ஒதுக்குங்கள், திருத்திப் பயனில்லை.

கால்சியம்-அடிமூலக் கலவை தயாரிப்பதில்தான் புதியவர்கள் அதிகம் தவறுகிறார்கள். பஃபரை முதலில் 37 டிகிரியில் குறைந்தது ஐந்து நிமிடம் வைக்க வேண்டும். பிறகு அடிமூலத்தை விட்டு உடனே வோர்டெக்ஸ் செய்து, மறுபடியும் ஐந்து நிமிடம் வெதுவெதுப்பில் வைக்க வேண்டும். விட்ட கணத்தில் பால் போல வெண்மை தோன்றும், கலக்கக் கலக்கத் தெளியும். அறை வெப்பத்தில் கலந்தால் அந்த வெண்மை முழுதாகத் தெளியாமல் நுண்துகளாகவே நின்றுவிடும். கண்ணுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள்: தெளிவாக இருந்தால் மட்டுமே டிஸ்பென்சருக்குள் போகலாம். மங்கலாக இருப்பதை ஏற்றினால் குழாயும் அடைக்கும், குழிக்குக் குழி அளவும் மாறும். டிஸ்பென்சர் குழாயும் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். வேலை முடிந்ததும் வெந்நீரால் அலசாமல் விட்டால் அடுத்த நாள் அடைப்பு நிச்சயம்.

தூண்டிகள் பல வகையாக வருகின்றன. பிளாஸ்மாவுக்கான சாதாரண வகை குழியில், உறைதலைத் தொடங்கிவைக்கும் புரதமான திசுக் காரணியை 5 பிகோமோலாரும், சவ்வுக் கொழுப்பான பாஸ்போலிப்பிடை 4 மைக்ரோமோலாரும் தரும். குறைந்த வகையில் 1 பிகோமோலார். பாஸ்போலிப்பிட் மட்டும் உள்ள, திசுக் காரணி இல்லாத வகையும் உண்டு. செல் வேலைக்கு இந்தக் கடைசி வகைதான் உண்மையில் பயன்படும். செல்லே திசுக் காரணியைத் தரட்டும் என்று விட்டு, சவ்வுப் பரப்பை மட்டும் நாம் நிறைவாகக் கொடுத்துவிடலாம். அதே செல்லை எந்தத் தூண்டியும் இல்லாமல் இன்னொரு குழியில் ஓட்டினால், செல் தன் சவ்வையும் சேர்த்துத் தருகிறது. இந்த இரண்டு கோடுகளின் இடைவெளி, மாற்றம் திசுக் காரணியிலா, சவ்விலா என்று பிரித்துப் பார்க்க நல்ல தடயம். இந்த ஒரு காரணத்துக்காகவே, தூண்டிகளைத் தனித்தனியாக வாங்க விடும் கிட்டைத் தேர்ந்தெடுங்கள். ஒரே தூண்டியோடு கட்டிவரும் பொதி செல் ஆய்வுக்கு வீண்.

இனி செல். முதல் எதிரி ட்ரிப்சின். தட்டிலிருந்து செல்லைப் பிரிக்க ட்ரிப்சின் ஊற்றுவது கைப்பழக்கம். ஆனால் ட்ரிப்சினும் ஆர்ஜினினுக்குப் பின்னால்தான் வெட்டும், ஆகவே நம் ஒளிர்வு அடிமூலத்தையும் வெட்டும். பிளாஸ்மாவில் உள்ள தடுப்பான்கள் அதைப் பெரும்பாலும் அடக்கிவிடும் என்றாலும், பிளாஸ்மா இல்லாத கன்ட்ரோல் குழியில் ஒளிர்வு நேராக ஏறினால் மிச்சமிருக்கும் ட்ரிப்சினைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். அது செல் மேற்பரப்புப் புரதங்களையும் கத்தரித்துவிடும் என்பது வேறு. சுரண்டி எடுப்பது அதைவிட மோசம். சவ்வு கிழிந்து, உள்பக்கம் இருக்க வேண்டிய பாஸ்பாடிடைல்செரின், அதாவது உறைதலை முடுக்கும் சவ்வுக் கொழுப்பு, வெளியே வந்துவிடும். கன்ட்ரோல் செல்லும் அழுத்தப்பட்ட செல்லும் ஒன்று போலவே உறையவைக்கும். ஈடிடிஏ-வால் பிரிப்பது பரவாயில்லை, ஆனால் இரண்டு முறையாவது கழுவ வேண்டும். மிஞ்சும் ஈடிடிஏ கால்சியத்தைப் பிடித்துக்கொண்டால் லேக் டைம், அதாவது த்ரோம்பின் எழத் தொடங்கும் வரையிலான காத்திருப்பு, நீளும்.

கழுவும் பஃபரிலும் ஒரு கண்ணி இருக்கிறது. பாஸ்பேட் பஃபரில் செல்லை நிறுத்திவைத்து அதன் மேல் 100 மில்லிமோலார் கால்சியம் விழுந்தால் கால்சியம் பாஸ்பேட் வீழ்படிவாகும். குழி மங்கும், ஒளிர்வு சிதறும். கடைசிக் கழுவலும் கடைசி நிறுத்தலும் ஹெப்பிஸ் பஃபரிலேயே இருக்கட்டும்: ஹெப்பிஸ் 20 மில்லிமோலார், சோடியம் குளோரைடு 140 மில்லிமோலார், பிஎச் 7.35, மில்லிலிட்டருக்கு 5 மில்லிகிராம் பிஎஸ்ஏ (மாட்டு சீரம் அல்புமின்). பிஎஸ்ஏ இல்லாமல் விட்டால் பிளாஸ்டிக் சுவரில் புரதம் ஒட்டி, குறைந்த செறிவுகளில் எண்கள் தள்ளாடும்.

எண்டோதீலியல் செல், அதாவது இரத்தக்குழாயின் உட்படலச் செல், வளர்ப்பவர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டியது உறைதலைத் தடுக்கும் ஹெப்பாரின். தொப்புள்கொடிச் சிரை செல்களுக்கான பல வளர்ப்பு ஊடகங்களில் வளர்ச்சிக் காரணியோடு ஹெப்பாரினும் சேர்க்கப்படுகிறது. ஊடகத்தின் லேபிளில் சின்ன எழுத்தில் இருக்கும். அது மிகச் சிறிய அளவில் பிளாஸ்மாவுக்குள் வந்தாலே ஆன்டித்ரோம்பின் விழித்துக்கொண்டு வரைகோட்டை மட்டமாக்கிவிடும். அழுத்தம் கொடுத்த குழியை ஒருமுறை கழுவி, கன்ட்ரோல் குழியை இரண்டு முறை கழுவிய சின்ன வேறுபாடு கூடப் பெரிய உயிரியல் கண்டுபிடிப்பு போலத் தோற்றம் காட்டும். சோதனைக்கு ஒரு நாள் முன்பே ஹெப்பாரின் இல்லாத ஊடகத்துக்கு மாற்றிவிட்டு, எல்லாக் குழிகளையும் ஒரே எண்ணிக்கையில் கழுவுவதுதான் வழி.

எண்டோதீலியல் செல்லைப் பிரித்து எடுக்காமல், தட்டை அடி கொண்ட பிளேட்டில் ஒட்டியபடியே அளப்பதுதான் நம்பத்தக்க முறை. அப்போது கேலிபிரேட்டர் குழிகளும் அதே வகை பிளேட்டில் இருக்க வேண்டும், ஆனால் அவற்றில் செல் இருக்கக் கூடாது. கேலிபிரேட்டரோடு செல்லையும் வைத்தால் அங்கேயும் த்ரோம்பின் உருவாகி, மேலே சொன்ன மேல்நோக்கிய வளைவு வரும். பிளாஸ்மாவைச் செல் மேல் நேராக விடாமல் குழிச் சுவரோரம் இறக்குங்கள். வேகமாக விட்டால் செல் உரிந்து நகரும். மோனோசைட் (ஒருவகை வெள்ளையணு) வகைச் செல் வரிசைகள் பெரும்பாலும் தாமாகவே மிதப்பவை. அவற்றுக்கு வட்ட அடி பிளேட்டும், 20 மைக்ரோலிட்டரில் ஐயாயிரம் முதல் ஐம்பதாயிரம் வரை நான்கைந்து செறிவுகளும் வைத்துப் பாருங்கள். ஒரே ஒரு செல் எண்ணிக்கையில் மட்டும் செய்தால் திசுக் காரணி நிறைவுற்ற இடத்தில் மாட்டிக்கொண்டு, இருக்கிற வேறுபாடும் தெரியாமல் போகும்.

பிளாஸ்மா பக்கம் வந்தால், ஆய்வின் முடிவு இரத்தம் எடுக்கும் ஊசியிலேயே தொடங்கிவிடுகிறது. 3.2 சதவீத சிட்ரேட், இரத்தம் ஒன்பது பங்குக்கு ஒரு பங்கு. முதல் குழாயை உறைதல் வேலைக்குப் பயன்படுத்தாமல் விடுவது. 2500 ஜி-யில் 15 நிமிடம் வீதம் இரண்டு முறை சுழற்றுவது. ஒவ்வொரு சுழற்சியிலும் அடியில் சிறிதளவை எடுக்காமல் விடுவது. இரண்டாவது சுழற்சியைத் தவிர்த்தால் மிஞ்சும் தட்டணுக்கள் உறைபனியில் உடைந்து தங்கள் சவ்வைத் தந்துவிடும். பிறகு உங்கள் செல்லின் சவ்வு தந்தது எது, தட்டணு தந்தது எது என்று பிரிக்கவே முடியாது. மைனஸ் 80-இல் சேமித்து, 37 டிகிரியில் ஒரே மூச்சில் உருக்குங்கள். அறை வெப்பத்தில் மெதுவாக உருக்கினால் சில புரதங்கள் குளிரிலேயே படிந்துவிடும். ஒருமுறை உருக்கியதைத் திரும்ப உறையவைத்துப் பயன்படுத்த வேண்டாம்.

தூண்டி சேர்க்காமல் செல்லை மட்டும் நம்பி அளக்கும்போது கண்ணாடி, பிளாஸ்டிக் பரப்புகளால் 12-ஆம் காரணி என்ற உறைதல் புரதம் வழியாகத் தானே தொடங்கும் உறைதல் (தொடர்பு வழி) பெரிய தொல்லை. கிளர்ந்த 12-ஆம் காரணியை அடக்கும் சோள ட்ரிப்சின் தடுப்பான் அதற்குத்தான். சுழற்றிய பிறகு சேர்ப்பதில் பாதிப் பயன்தான், ஏனெனில் குழாய்க்குள் இரத்தம் விழும்போதே தொடர்பு வழி கிளர்ந்திருக்கும். இரத்தம் எடுக்கும் குழாயிலேயே முன்கூட்டிப் போட்டுவைக்க வேண்டும், மில்லிலிட்டருக்கு 50 மைக்ரோகிராம் வரை. பிளாஸ்மாவும் பஃபரும் மட்டும் உள்ள வெறுங்குழியின் கோடு தரையோடு தரையாகக் கிடந்தால் தடுப்பான் வேலை செய்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். விலை அதிகமான பொருள் என்பதால் பலர் இதைத் தவிர்க்கிறார்கள். 5 பிகோமோலார் தூண்டியில் தவிர்த்தால் பெரிய நஷ்டமில்லை. செல் வேலையில் தவிர்த்தால் கிட்டுக்குச் செலவழித்த மொத்தமும் நஷ்டம்.

இப்போது அழுத்தம் என்ற பகுதிக்கு வருவோம். ஈஆர் அழுத்தத்துக்கும் உறைதலுக்கும் உள்ள தொடர்பு வெறும் ஊகமல்ல. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ஆஸ்டின் குழு, ஈஆரில் மடிப்புக்கு உதவும் முதன்மைத் துணைப்புரதமான ஜிஆர்பி78-ஐச் செல் மிகுதியாக உற்பத்தி செய்யும்படி வைத்தால் அதன் திசுக் காரணிச் செயல் குறைகிறது என்று 2003-இல் காட்டியது. செல்லின் வெளிப்பரப்புக்கு வந்துவிட்ட ஜிஆர்பி78-ஐ எதிர்ப்பொருள் பற்றும்போது, ஈஆரிலிருந்து கால்சியம் வெளியேறி திசுக் காரணிச் செயல் கூடுவதாக 2010-இல் அதே குழுவிடமிருந்து இன்னொரு முடிவு வந்தது. இரண்டிலும் நடுநாயகம் கால்சியம். அதே 2010-இல்தான் டிஎம்இஎம்16எஃப் என்ற சவ்வுப் புரதம் அடையாளம் காணப்பட்டது. செல்லுக்குள் கால்சியம் ஏறினால் இது பாஸ்பாடிடைல்செரினை உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கத்துக்குப் புரட்டிவிடுகிறது. இது பழுதானவர்களுக்கு வருவது ஸ்காட் நோய்க்குறி என்ற அரிய இரத்தப்போக்குக் கோளாறு. திசுக் காரணி செல் மேல் ஏற்கெனவே இருந்தும் உறங்கிக்கிடக்கும், சவ்வு புரண்டதும் விழிக்கும். திசுக் காரணியின் 186, 209-ஆம் இடங்களில் உள்ள சிஸ்டீன் அமினோ அமிலங்களுக்கு இடையேயான டைசல்ஃபைடு (கந்தக-கந்தக) பிணைப்புக்கும் இந்த விழிப்பில் பங்குண்டு என்பது நெடுநாள் விவாதம்.

இந்தப் பின்னணி தெரிந்தால்தான் எந்த மருந்தால் அழுத்தம் கொடுக்கிறோம் என்பது ஏன் இவ்வளவு முக்கியம் என்று புரியும். தாப்சிகார்கின் ஈஆரின் கால்சியம் பம்ப்பை அடைத்துவிடும். செல்லுக்குள் கால்சியம் சில நிமிடங்களிலேயே ஏறிவிடும். பதினைந்து நிமிடத்தில் வரைகோடு மாறினால் அது மடிப்புத் தவறிய புரதங்களின் வேலையல்ல, கால்சியம் நேராகச் சவ்வைப் புரட்டியதன் வேலை. டூனிகாமைசின் வேறு வழி. புரதங்களில் சர்க்கரைத் தொடர் ஏறுவதைத் தடுக்கிறது, விளைவு தெரிய மணிக்கணக்கு ஆகும். ஆனால் திசுக் காரணியே சர்க்கரைத் தொடர் ஏறிய புரதம் என்பதால் அளக்கப்போகும் பொருளையே இது தொடுகிறது. ஈஆர் அழுத்தம் கிளப்பப் பயன்படும் இன்னொரு சேர்மமான டிடிடி பற்றிச் சொல்ல வேண்டுமென்றால், இந்தக் கிட்டோடு அதைச் சேர்க்கவே வேண்டாம். டைசல்ஃபைடுகளை உடைப்பதுதான் அதன் தொழில். மிச்சம் பிளாஸ்மாவுக்குள் போனால் உறைதல் காரணிகளையே சிதைக்கும்.

ஹோமோசிஸ்டீன் என்ற அமினோ அமிலத்திலும் எச்சரிக்கை தேவை. இரத்தத்தில் அதன் இயல்பான அளவு லிட்டருக்கு சுமார் 5 முதல் 15 மைக்ரோமோல். செல் வளர்ப்பில் ஈஆர் அழுத்தம் கிளப்ப மில்லிமோலார் கணக்கில் ஊற்றுகிறார்கள், அதாவது சுமார் நூறு மடங்கோ அதற்கு மேலோ. தையோல் (கந்தக-ஹைட்ரஜன்) குழு உள்ள சேர்மம் என்பதால் டிடிடி-யின் அதே குறை இதற்கும் உண்டு. ஒரே ஒரு மருந்தில் கிடைத்த முடிவை ஈஆர் அழுத்தம் என்று பெயரிடாதீர்கள். தாப்சிகார்கினும் டூனிகாமைசினும் ஒரே திசையில் போக வேண்டும், டியூடிசிஏ அல்லது 4-ஃபீனைல்பியூட்டைரேட் போன்ற, புரத மடிப்புக்கு உதவும் வேதித் துணைப்பொருள் அதைத் திருப்ப வேண்டும். அப்போதுதான் அந்தப் பெயருக்கு உரிமை வரும்.

இவ்வளவு செய்தும் ஒரு பெரிய கண்ணி பாக்கியிருக்கிறது: செல்லின் சாவு. அழுத்தம் நீண்டால் செல் அப்போப்டோசிஸில், அதாவது தன்னைத் தானே முடித்துக்கொள்ளும் வழியில், போகும். சாகும் செல் எப்படியும் பாஸ்பாடிடைல்செரினை வெளியே காட்டும், த்ரோம்பின் எப்படியும் ஏறும். 24 மணி நேர டூனிகாமைசினுக்குப் பிறகு கிடைக்கும் உயரமான சிகரத்தில் பெரும்பங்கு செத்த செல்களுடையதாக இருக்கலாம். ஆகவே ஒவ்வொரு நேரப் புள்ளியிலும் அதே செல்லில் பாஸ்பாடிடைல்செரினைப் பற்றும் அனெக்சின் வி-யும் ஒரு உயிர்ப்புச் சாயமும் சேர்த்து ஃப்ளோ சைட்டோமீட்டரில் பாருங்கள். ஈஆர் அழுத்தத்தின் அடையாளங்களான எக்ஸ்பிபி1 ஆர்என்ஏ-வின் ஸ்ப்ளைசிங் (வெட்டி ஒட்டுதல்), ஜிஆர்பி78, சிஹெச்ஓபி ஆகியவற்றையும் அதே தொகுதியிலிருந்து அளந்துவிடுங்கள். செல் இன்னும் உயிரோடு இருக்கும்போது, ஆனால் எக்ஸ்பிபி1 ஏற்கெனவே ஸ்ப்ளைஸ் ஆகியிருக்கும்போது வரையப்பட்ட கோட்டுக்குத்தான் மதிப்பு. அந்தச் சாளரம் செல் வகைக்கு ஏற்ப மாறும், பெரும்பாலும் நான்கு முதல் எட்டு மணி நேரத்துக்குள் தேடலாம்.

தடுப்புக் கன்ட்ரோல்கள் மூன்று இல்லாமல் எந்த பிளேட்டையும் தொடங்க வேண்டாம். திசுக் காரணியைத் தடுக்கும் எதிர்ப்பொருள் ஒன்று, அதற்கு இணையான வெற்று எதிர்ப்பொருளோடு. பாஸ்பாடிடைல்செரினை மூடும் அனெக்சின் வி அல்லது லாக்டாதெரின் ஒன்று. மூன்றாவது, 7-ஆம் காரணி இல்லாத பிளாஸ்மா. திசுக் காரணி வழிக்கு 7-ஆம் காரணி கட்டாயம் என்பதால், அந்தப் பிளாஸ்மாவிலும் கோடு எழுந்தால் நீங்கள் பார்ப்பது திசுக் காரணி அல்ல. இவற்றோடு டிஎம்எஸ்ஓ மட்டும் போட்ட செல், கூடவே பாக்டீரிய எண்டோடாக்சின் சோதனை. எண்டோடாக்சின் துளி இருந்தாலும் மோனோசைட்டும் எண்டோதீலியமும் திசுக் காரணியை வெளிக்காட்டும். மலிவான ரீகாம்பினன்ட் புரதங்கள் வழியாக அது உள்ளே நுழைவது வழக்கம்.

வரைகோட்டைப் படிப்பது பற்றி. மென்பொருள் லேக் டைம், சிகரம், சிகரம் தொடும் நேரம், கோட்டின் கீழ் உள்ள மொத்தப் பரப்பு, ஏறும் வேகம் என ஐந்து எண்களைத் தரும். பலர் மொத்தப் பரப்பை மட்டுமே பட்டியலிடுகிறார்கள். செல் வேலைக்கு அது மிக மந்தமான எண். பிளாஸ்மாவில் எவ்வளவு புரோத்ரோம்பினும் (த்ரோம்பினின் முன்வடிவம்) ஆன்டித்ரோம்பினும் இருக்கிறது என்பதையே அது பெரும்பாலும் சொல்கிறது, அது கன்ட்ரோலுக்கும் அழுத்தத்துக்கும் பொதுவானது. திசுக் காரணி கூடினால் முதலில் நகர்வது லேக் டைம். சவ்வுப் பரப்பு கூடினால் சிகரமும் ஏறும் வேகமும். லேக் டைம் மாறாமல் சிகரம் மட்டும் உயர்ந்தால் சவ்வைச் சந்தேகியுங்கள். லேக் டைம் குறுகிச் சிகரம் அப்படியே நின்றால் திசுக் காரணியை. இது கல்லில் வெட்டிய விதியல்ல, மேலே சொன்ன தடுப்புகளால் உறுதி செய்ய வேண்டிய முதல் குறிப்பு.

மும்மூன்று குழிகளை மூன்று சோதனை என்று எண்ணிப் புள்ளியியல் போடுவது இந்தத் துறையில் அடிக்கடி கண்ணில் படும் பிழை. மூன்று குழியின் சராசரி ஒரு அளவீடு. செல்லைப் புதிதாக வளர்த்து, புதிதாக அழுத்தம் கொடுத்து, வேறு நாளில் செய்ததுதான் இரண்டாவது அளவீடு. பிளேட்டின் ஓரக் குழிகளில் நீர் ஆவியாகி எண்கள் விலகும் என்பதால் அங்கே வெறும் பஃபரை நிரப்பிவிடுங்கள். ஒரு ஆய்வு முழுதுக்கும் ஒரே லாட் கலப்புப் பிளாஸ்மாவைச் சிறு சிறு குப்பிகளாகப் பிரித்து வைத்துக்கொள்வதும், ஒவ்வொரு பிளேட்டிலும் அதே பிளாஸ்மாவை 5 பிகோமோலார் தூண்டியோடு ஓட்டி நாளுக்கு நாள் ஏற்றத்தாழ்வைக் கண்காணிப்பதும் தனி உழைப்பே இல்லை.

இந்தக் கிட் பொருந்தாத இடங்களும் உண்டு. ஆர்கட்ரோபான், டாபிகாட்ரான் போன்ற நேரடித் த்ரோம்பின் தடுப்பான்களைச் சோதித்தால் அந்தச் சிறு மூலக்கூறுகள் கேலிபிரேட்டரையும் தடுத்துவிடும், எண்கள் செயற்கையாக உயரும். சோதிக்கும் சேர்மமே 460 நானோமீட்டர் அருகே ஒளிர்ந்தாலோ, மாதிரியில் சிவப்பணு உடைந்திருந்தாலோ வாசிப்பு கெடும். தட்டணு நிறைந்த பிளாஸ்மாவோடு தாப்சிகார்கின் செல்களைச் சேர்க்காதீர்கள். கழுவாமல் தங்கிய தாப்சிகார்கின் தட்டணுவின் கால்சியத்தையும் கிளப்பும், பிறகு கோடு தட்டணுவின் கதையைத்தான் சொல்லும்.

கேள்வி வெறும் திசுக் காரணிச் செயல் கூடியதா என்பது மட்டுமே என்றால், இந்தக் கிட்டை வாங்கத் தேவையே இல்லை. கழுவிய செல்லின் மேல் 7ஏ காரணியும் (கிளர்ந்த 7-ஆம் காரணி) 10-ஆம் காரணியும் கால்சியமும் விட்டு, குறித்த நேரத்தில் ஈடிடிஏ-வால் நிறுத்தி, உருவான 10ஏ-வை (கிளர்ந்த 10-ஆம் காரணியை) நிறமி அடிமூலத்தால் 405 நானோமீட்டரில் அளக்கலாம். பிளாஸ்மா இல்லை, கேலிபிரேட்டர் இல்லை, சாதாரண பிளேட் ரீடர் போதும். அந்தச் சோதனையில் வேறுபாடு உறுதியான பிறகு, அது பிளாஸ்மாவின் தடுப்பான்கள் நடுவிலும் நிலைக்கிறதா என்று கேட்கும் கட்டத்தில்தான் த்ரோம்பின் கிட் தன் விலைக்கு ஈடு தருகிறது.

பழைய கட்டுரைகளின் எண்களோடு ஒப்பிடுகிறவர்கள் செல் வரிசையின் பெயரையும் பார்க்க வேண்டும். எண்டோதீலியம் என்று நம்பிப் பலர் பயன்படுத்திய இசிவி304 உண்மையில் டி24 என்ற சிறுநீர்ப்பைப் புற்றுச் செல் என்பது டிஎன்ஏ அடையாளத்தால் வெளிப்பட்டது. அந்தப் பெயரில் அச்சான எண்ணை உங்கள் தொப்புள்கொடிச் சிரைச் செல்லின் எண்ணுக்குப் பக்கத்தில் வைத்தால் இரண்டு வேறு திசுக்களை ஒப்பிடுகிறீர்கள். புதிய செல் வாங்கும்போது எஸ்டிஆர் என்ற டிஎன்ஏ அடையாளச் சான்றிதழைக் கேட்டு வாங்கி, அதன் எண்ணையும் கேலிபிரேட்டர் லாட்டுக்குப் பக்கத்திலேயே எழுதிவையுங்கள்.